மீன் கடை அக்காவுக்கு ஒரு நன்றி மடல்

சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) ஓரம் கோவளம் பக்கத்தில் மீன் விற்கும் அக்காவுக்கு, எங்கள் ஓட்டக்குழுவின் முதலுதவி அணி எழுதுவது.

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சாதம் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்களும் தசை எண்களும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பந்தயத்தில் ஓடிவந்த அவர் உங்கள் கடைப் பக்கம் வெப்பத் தாக்குதலில் (ஹீட் ஸ்ட்ரோக்) விழுந்தது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை விவரமாகத் திரும்பச் சொல்கிற தெம்பு எங்களில் ஒருவருக்கும் இன்னும் வரவில்லை. அதனால் நேரே நன்றிக்கே வந்துவிடுகிறோம். உங்கள் மகளின் போனுக்கும் இதை அனுப்பியிருக்கிறோம்.

ஞாயிறு காலை ஏழரை மணி மீன் கடைக்கு எப்படிப்பட்ட நேரம் என்று வீட்டில் மீன் வாங்குகிற எவருக்கும் தெரியும். வாரத்திலேயே பெரிய வியாபாரம் அப்போதுதான். அந்த நேரத்தில் இரண்டு தெர்மோகோல் பெட்டிகளையும் கவிழ்த்தீர்கள். வஞ்சிரமும் சங்கராவும் கோணிச்சாக்கின் மேல் கிடக்க, ஐஸை மட்டும் வாரிக்கொண்டு வந்தீர்கள். கடைக்கு மேல் நிழலுக்குக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் கயிற்றை மீன் வெட்டும் கத்தியாலேயே அறுத்து, அதைத் தம்பிக்குத் தொட்டியாகக் கொடுத்தீர்கள். ஐஸ் வேண்டும் என்று உங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. "தொடச்சினே இருந்தா எப்போ எறங்கும் சூடு? தள்ளுங்க" என்று நீங்கள் போட்ட சத்தத்தில்தான் சுற்றி நின்ற கூட்டம் விலகியது.

அடுத்து நீங்கள் சொன்னதுதான் எங்களுக்கு இன்னமும் வியப்பு. ஐஸை மேலே கொட்டப்போனவர்களைத் தடுத்து, "வெறும் ஐஸ் பிடிக்காது, மொதல்ல தண்ணி ஊத்து" என்றீர்கள். விளையாட்டு மருத்துவப் புத்தகங்களும் இதையேதான் சொல்கின்றன. ஐஸ் துண்டுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று நின்றால் குளிர் உள்ளே போகாது. தண்ணீர் இருந்தால்தான் உடம்பு முழுக்கப் படும், சூட்டை இழுக்கும். படகில் மீனைத் தண்ணீரும் ஐஸும் கலந்த கலவையில் போட்டால் சீக்கிரம் குளிர்கிறது, காய்ந்த ஐஸில் அடுக்கினால் நேரமெடுக்கிறது. உங்களுக்கு இது தொழில். எங்களில் பலர் சான்றிதழ் வகுப்பில் உட்கார்ந்து படித்ததை நீங்கள் கண் எதிரே செய்துகாட்டினீர்கள்.

நீங்கள் கொடுத்தது என்ன என்பது மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம். ஓடுகிறவர்களும், சாலையோரம் தண்ணீர் கொடுக்கிற தன்னார்வலர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவருகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. அதுவும் வழிந்தால் போதாது, ஆவியாக வேண்டும். நம் கடற்கரையில் விடிகாலை ஈரப்பதம் 85, 90 சதவீதம் என்று நிற்கும்போது வியர்வை சொட்டுகிறதே தவிர ஆவியாவதில்லை. "வெயிலே ஏறலையே, மேகமாத்தானே இருந்துச்சு, எப்படி ஹீட் ஸ்ட்ரோக்?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். தூரமும் காரணம் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஃபால்மவுத் ஓட்டம் வெறும் 11.3 கிலோமீட்டர்தான். ஆனால் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் எல்லோரும் முழு வேகத்தில் ஓடுவதால் ஆண்டுதோறும் அங்கே வெப்பத் தாக்குதல் வரும். அங்கே 18 பந்தயங்களில் 274 பேருக்கு வந்ததை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐஸ்தண்ணீர் நிரப்பிய பனிநீர்த் தொட்டியில் உடனே இறக்கியதால் ஒருவர்கூடச் சாகவில்லை. எங்கள் கூடாரத்திலும் தொட்டி இருந்தது. ஆனால் அது முடிவுக்கோட்டில். உங்கள் கடையோ அதற்கு ஆறு கிலோமீட்டர் முன்னால்.

உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, கூடவே புத்தி தடுமாறினால் அது வெப்பத் தாக்குதல். இரண்டாவதுதான் வெளியே தெரியும் அடையாளம்: கோணலாக ஓடுவது, பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசுவது, உதவ வருபவரைத் திட்டுவது, கையை உதறுவது. தோல் காய்ந்து இருக்க வேண்டும் என்று பழைய பாடங்களில் படித்ததை மறந்துவிடுங்கள். அது வெயில் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்குப் பொருந்தும். ஓடுகிறவர் தொப்பலாக நனைந்தபடியேதான் விழுவார். நெற்றி, காது, அக்குள் வெப்பமானிகளையும் நம்பாதீர்கள். வியர்வையும் மேலே ஊற்றிய தண்ணீரும் சேர்ந்து 38 என்று காட்டும், உள்ளே 41 இருக்கும். ஆசனவாய் வழியாக அளப்பது ஒன்றுதான் சரியான கணக்கு. கூச்சமாக இருக்கும், துணியால் மறைத்துச் செய்யலாம். வெப்பமானி இல்லை என்பதற்காகக் குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

முடிவுக்கோட்டைத் தாண்டியவுடன் கண் இருட்டி உட்காருகிறார்களே, அது வேறு. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தியதும் ரத்தம் காலிலேயே தேங்கிவிடுவதால் வருவது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் தெளிந்து, வாழைப்பழம் கேட்பார்கள். தெளியவில்லை என்றாலும், கோட்டுக்கு முன்பே விழுந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

இனி தார்ப்பாய். எட்டுக்குப் பத்து அடி இருந்தால் போதும். ஆளை நடுவில் படுக்கவைத்து, ஷூவையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓரங்களை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. தலைப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, அக்குளுக்கு அடியில் கைகொடுத்து, முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. 20 லிட்டர் கேன் நான்கைந்து, அதன் மேல் இரண்டு பெட்டி உடைத்த ஐஸ். தலையில் ஐஸ்தண்ணீரில் நனைத்த துண்டு. பிறகு பிடித்திருப்பவர்கள் மாறி மாறி ஓரத்தை ஏற்றி இறக்கித் தண்ணீரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். அலசாவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி அங்கேயே நின்றுவிடும். நன்றாகக் கலக்கப்படும் பனிநீரில் ஐந்து நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி இறங்கும். 39க்கு வந்ததும் வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும். அதற்குமேல் வைத்திருந்தால் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும். அளக்க வழியில்லை என்றால் பதினைந்து நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக்கொள்ளலாம், சுமார் மூன்று டிகிரி இறங்கியிருக்கும். ஐஸ்தண்ணீரில் போட்டால் ரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே அடைபடும் என்று அன்று ஒருவர் பயந்தார். காய்ச்சல் இல்லாத சாதாரண உடம்பை வைத்து யோசித்தால் அப்படித்தான் தோன்றும். 41 டிகிரியில் கொதிக்கிற உடம்பில் பனிநீரைவிட வேகமாகச் சூட்டை இறக்கும் வழி இதுவரை இல்லை.

ஐஸே கிடைக்காத இடத்தில் ஈரத்துண்டுகள் தவறில்லை. ஆனால் உடம்பு முழுவதையும் மூட வேண்டும், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விசிறவும் வேண்டும். நெற்றியை மட்டும் ஒற்றி எடுப்பதால் பயனில்லை. அக்கா சத்தம் போட்டது அதற்குத்தான்.

வாயில் சோடாவும் இளநீரும் ஊற்ற வந்தவர்களுக்கும் நன்றி. ஆனால் தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமாலும் வேண்டாம். காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை ஏற்றி வைத்திருக்கும், மாத்திரை அதை இறக்கும். இங்கே மூளை எதையும் ஏற்றி வைக்கவில்லை, மாத்திரைக்கு வேலையே இல்லை. ஏற்கெனவே அடிவாங்கிய கல்லீரலுக்குத்தான் கூடுதல் சுமை. கை உதறுவதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைத் திணித்த பெரியவரே, உங்கள் மனசு எங்களுக்குப் புரிகிறது. அடுத்த முறை அந்தக் கையால் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடியுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். கேட்டவுடன் ஐந்து கேன் தண்ணீரையும் உருட்டிவிட்டு அன்று காலை டீ போடாமலே நின்ற டீ மாஸ்டர். பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ தார்ச்சாலையில் வழுக்குகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு மூலைக்கு ஒருவராக நின்ற சைக்கிள்காரர்கள். வண்டியைக் குறுக்கே போட்டு ஒரு பக்கச் சாலையை மறித்த ஆட்டோ அண்ணன். தம்பியின் எண் அட்டைக்குப் பின்னால் வீட்டுப் போன் எண்ணை அழியாத மார்க்கரில் எழுதவைத்த பதிவு மேசைத் தோழிக்குத் தனி வணக்கம். ஜெல் பேனாவில் எழுதியிருந்தால் வியர்வையில் கரைந்துபோயிருக்கும், அவர் அம்மாவுக்குப் போன் போயிருக்காது.

108 வண்டியில் வந்த இருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். வந்த நோயாளியை ஏற்றிக்கொண்டு பறப்பதுதான் அவர்களின் அன்றாடம். அன்று நிலைமையைக் கேட்டுக்கொண்டு, தண்ணீரிலிருந்து எடுக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்து, தாங்களும் ஒரு ஓரத்தைப் பிடித்தார்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம் கொண்டுபோவது என்பதுதான் உலகம் முழுக்க இப்போது வழக்கம். சூடு 40க்கு மேல் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் உறுப்புகள் வேகின்றன. முதல் அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் பிழைப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். நம் சாலையில் ஆம்புலன்ஸுக்குள் கழிகிற நேரமே அந்த அரை மணியைத் தின்றுவிடும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவர், டிரிப்ஸ் ஏற்றும் முன் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, பார்த்தார். நெடுந்தூரம் ஓடியவர் மயங்கி வந்தால் இது மிக முக்கியம். அளவுக்கு மேல் தண்ணீர் குடித்தாலும் இதே தடுமாற்றம்தான் வரும். சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போய், மோதிரம் இறுகி, தலைவலியும் வாந்தியுமாக வருவார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இப்படிக் குறைந்திருந்தது. அவர்களுக்குச் சாதாரண சலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். தேவைப்படுவது 3 சதவீத உப்புக்கரைசல், அதுவும் 100 மில்லி அளவில். பந்தயம் முடிந்ததும் எடை கூடியிருந்தால் அதுவே எச்சரிக்கை. தாகத்துக்குக் குடித்தால் போதும், ஒவ்வொரு மேசையிலும் நின்று கடமைக்குக் குடிக்க வேண்டியதில்லை. 14ஆவது கிலோமீட்டரில் நின்ற கல்லூரி மாணவர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அளந்து ஒரு லிட்டருக்கு ஒன்று என்று கலந்தார்கள். ஒரு டம்ளரில் ஒரு பாக்கெட்டைக் கொட்டிக் கொடுக்கிற வழக்கம் நம் பந்தயங்களில் இன்னும் இருக்கிறது. வயிற்றைப் புரட்டி ஓட்டக்காரரைப் புதர் தேடவைக்கும். அந்தப் பிள்ளைகள் வாழ்க.

தம்பிக்கு ஒன்று. மருத்துவமனையிலிருந்து வந்தபின் குறைந்தது ஏழு நாள் எந்தப் பயிற்சியும் கிடையாது. ரத்தப் பரிசோதனை சரியான பிறகு, குளிர்ந்த நேரத்தில் மெதுவாகத் தொடங்கி, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்துக்குப் பழக வேண்டும். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், அந்த ஓட்டத்துக்கு மட்டும் தடை இல்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு வருகிற பழக்கம் உள்ளவர்கள் இத்தோடு விடுங்கள். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு ஐபுபுரூஃபென் நல்லதல்ல.

இனிமேல் எங்கள் ஓட்டங்களில் முடிவுக்கோட்டில் மட்டும் அல்ல, பாதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஒன்று விட்டு ஒரு தண்ணீர் மேசையில் தார்ப்பாய், ஐந்து கேன், இரண்டு பெட்டி ஐஸ், வெப்பமானி எல்லாம் இருக்கும். தன்னார்வலர்களை முந்தின நாள் கூப்பிட்டு, உலர்ந்த தார்ப்பாயில் ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் பிடித்துப் பழக்குவோம். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் தூக்குவது சொல்வது போல எளிதல்ல, ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் மொத்தமும் போய்விடும். தொடங்கும் முன் டபிள்யூபிஜிடி அளவை (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண்) பலகையில் எழுதுவோம். அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குத்தான் 70 சதவீத இடம், நம் கடற்கரைக்கு அதுதான் முக்கியம். 28ஐத் தாண்டினால் நேரக் கணக்கு கிடையாது, பதக்கம் எல்லோருக்கும் ஒன்றே. கட்டணத்தைத் திருப்பிக் கேட்பவர்களிடம் இந்த மடலைக் கொடுப்போம்.

அக்கா, மீனுக்கும் ஐஸுக்கும் பணம் கொண்டுவந்தபோது வாங்க மாட்டேன் என்றீர்கள். அதைப் பற்றி இன்னொரு முறை சண்டை போட வருவோம். தார்ப்பாயைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்திருக்கிறோம்; ஒரு மூலையில் கயிறு கோக்கும் வளையம் பிய்ந்துவிட்டது, புதிதாக அடித்துக் கொடுக்கிறோம். பெட்டி மூடி ஒன்று உடைந்ததற்குப் பதில் புதுப் பெட்டியே வருகிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் இருங்கள். கூடவே அடுத்த ஓட்டத்துக்கான ஐஸுக்கு முன்பணமும் கொண்டுவருவோம். இது வியாபாரம், மறுக்கக் கூடாது. எந்த ஐஸ் கம்பெனியில், முந்தின ராத்திரி எத்தனை மணிக்குச் சொல்லிவைத்தால் விடியும் முன் உடைத்துத் தருவார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நன்றியுடன்,
முதலுதவி அணியினர்