செயலியின் மின்செலவும் பயனருக்குத் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியின் பேட்டரி நீண்ட நேரம் நிற்பதற்கான யோசனைகள் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியாகியிருந்தன. திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது, தேவையற்ற நேரங்களில் ஜிபிஎஸ்ஸை அணைத்துவைப்பது, பயன்படுத்தாத செயலிகளை நீக்கிவிடுவது ஆகியவை நல்ல யோசனைகளே. ஆனால் அவை அனைத்தும் கைப்பேசியை வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை. செயலியை எழுதி வெளியிடுபவரின் பொறுப்பைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. செயலிகள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், பேட்டரி வீணாவதில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு செயலி, புதிய தகவல் ஏதேனும் உண்டா என்று சர்வரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வியும் பதிலும் சில நூறு பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். வேலையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்காக விழித்தெழும் கைப்பேசியின் ரேடியோ, அதாவது செல்பேசிக் கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் பகுதி, அடுத்த தகவல் உடனே வரக்கூடும் என்று எதிர்பார்த்து, பரிமாற்றம் முடிந்த பிறகும் பல நொடிகள் அதிக மின்சாரம் இழுக்கும் நிலையிலேயே காத்திருந்துவிட்டுத்தான் மீண்டும் உறக்கத்துக்குச் செல்கிறது. 4ஜி இணைப்பில் இந்தக் காத்திருப்பு 10 நொடிகளைத் தாண்டுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எனவே, 10 தகவல்களைத் திரட்டி ஒரே தடவையில் அனுப்புவதற்கும், நிமிடத்துக்கு ஒன்றாக 10 தடவை அனுப்புவதற்கும் டேட்டாவின் அளவில் பெரிய வேறுபாடு இருக்காது என்றாலும், மின்செலவில் பல மடங்கு வேறுபாடு ஏற்படும். பயனர் எந்தப் பொத்தானை அழுத்தினார், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதையெல்லாம் அவ்வப்போது தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருக்கும் செயலிகள் ஏராளம். அவற்றைச் சேர்த்துவைத்து, கைப்பேசி சார்ஜில் இருக்கும்போதோ வைஃபை கிடைக்கும்போதோ அனுப்பினால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. அவ்வாறு தள்ளிப்போடுவதற்கான வசதி ஆண்ட்ராய்டில் 2014ஆம் ஆண்டு வெளியான 5.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

விளம்பரங்களின் பங்கும் சிறிதன்று. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று, தாங்கள் சோதித்த இலவசச் செயலிகளில் செலவாகும் மின்சாரத்தில் 65 முதல் 75 விழுக்காடு வரை, அவற்றுள் பொருத்தப்பட்டிருந்த வெளியார் விளம்பர நிரல்களுக்கே போவதாகக் கண்டறிந்தது. அதன் பிறகு கைப்பேசிகள் வெகுவாக மாறிவிட்டன என்பது உண்மை. எனினும், பயனர் கேட்காத ஒரு வேலை அவருடைய பேட்டரியில் நடக்கிறது என்ற நிலை மாறவில்லை.

ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளங்களை உருவாக்குபவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் பின்னணி வேலைகளை நிறுத்திவைத்து, இடைவெளி விட்டு மொத்தமாக அனுமதிக்கும் 'டோஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, அடிக்கடி திறக்கப்படாத செயலிகளுக்குப் பின்னணியில் இயங்கும் வாய்ப்பைக் குறைத்தது. கைப்பேசியை உறங்கவிடாமல் பிடித்துவைக்கும் 'வேக் லாக்' வசதியை அளவுமீறிப் பயன்படுத்தும் செயலிகள் மீது நடவடிக்கை எடுக்கப்போவதாக 2025இல் ஆண்ட்ராய்டு செயலிக் கடையான கூகுள் பிளே அறிவித்தது. பத்தாண்டுக் காலமாக இயங்குதளம் செயலிகளிடமிருந்து பேட்டரியைக் காப்பாற்றப் போராடி வருகிறது என்பதே, எங்கள் தொழிலின் போக்கு சரியில்லை என்பதற்குப் போதிய சான்று.

இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் கருதவில்லை. செயலி எழுதுபவரின் மேசையைப் பார்த்தால் காரணம் புரியும். சோதனைக்கான கைப்பேசி பெரும்பாலும் புதியதாக, வேகமானதாக இருக்கும். யுஎஸ்பி கேபிள் வழியாக நாள் முழுவதும் கணினியோடு இணைந்தே கிடக்கும். கேபிள் வழியே சார்ஜ் ஏறிக்கொண்டே இருப்பதால் அதன் பேட்டரி இறங்குவதே இல்லை. சார்ஜில் இருக்கும் கைப்பேசியில் 'டோஸ்' முறையும் செயல்படாது. ஆகவே, பயனரின் கையில் நாள் முழுவதும் நடக்கும் ஒன்று, அதை எழுதியவரின் கண்ணுக்கு ஒருபோதும் படுவதில்லை. வானிலையைக் காட்டுவதற்கு எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். ஆனால் எங்கிருந்தோ எடுத்தாண்ட மாதிரி நிரலில் 'உச்சத் துல்லியம், 1 நொடி இடைவெளி' என்று எழுதியிருந்தால், செயலி திறந்திருக்கும் நேரமெல்லாம் ஜிபிஎஸ் ஓயாமல் ஓடும். மேசையில் அது எந்தக் குறையாகவும் தெரியாது. மின்செலவை அளக்கும் கருவிகள், செயலி எழுத நாங்கள் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எக்ஸ்கோடு ஆகிய மென்பொருள்களில் இருக்கத்தான் செய்கின்றன. வேகமும் பிழைகளும் அளக்கப்படுவதைப் போல மின்செலவை அளந்து காட்டுமாறு மேலிடத்திலிருந்து யாரும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு கைப்பேசி செலவழிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். நாளுக்கொரு முறை முழுமையாகச் சார்ஜ் செய்தாலும் ஆண்டுக்கு 7 கிலோவாட்-மணி அளவுக்கே வரும். ஆனால் செயலி அனுப்பும் ஒவ்வொரு கேள்வியும் கைப்பேசியோடு நின்றுவிடுவதில்லை. வலையமைப்பையும் மறுமுனையில் உள்ள தரவு மையத்தையும் சேர்த்தே இயக்குகிறது. உலகின் தரவு மையங்கள் 2024இல் சுமார் 415 டெராவாட்-மணி, அதாவது உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, பயன்படுத்தியதாகச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டிருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கைப்பேசியால் ஏற்படும் கரியமில வாயு வெளியேற்றத்தின் பெரும்பகுதி, அதைப் பயன்படுத்தும்போது அல்ல, தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. எனவே ஒரு கைப்பேசியைக் கூடுதலாக ஓராண்டு பயன்படுத்த முடிந்தால் அதுவே பெரிய ஆதாயம். லித்தியம் பேட்டரிக்கோ இத்தனை சுற்றுச் சார்ஜ் என்று ஓர் ஆயுள் இருக்கிறது. மாலைக்குள் பேட்டரியைக் காலிசெய்து இரண்டாம் முறை சார்ஜ் போடவைக்கும் செயலி, அந்த ஆயுளிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு பருத்துக்கொண்டே போகும் மென்பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறது: பழுதில்லாத கைப்பேசியைப் பழையதாக்கிப் புதியதை வாங்கவைக்கிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

எளிய தீர்வாகச் சொல்லப்படும் கருநிறத் திரையை (டார்க் மோட்) பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வகைத் திரைகளில் மட்டுமே அது பயன்தரும். அதிலும், வெளிச்சம் 30 முதல் 50 விழுக்காட்டில் இருக்கும்போது சேமிப்பு சராசரியாக 3 முதல் 9 விழுக்காடுதான் என்று பர்டியூ ஆய்வாளர்கள் 2021இல் அளந்து காட்டினர். அதைச் செய்துவிட்டு, பசுமைக்கான கடமை முடிந்தது என்று எங்கள் துறையினர் கருதிவிடக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் கைப்பேசிகளுக்கு, ஆற்றல் திறனைக் காட்டும் ஆற்றல் முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. 800 சுற்றுச் சார்ஜுக்குப் பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு திறனாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்ற விதியும் உடன் வந்திருக்கிறது. நல்ல தொடக்கம்தான், ஆனால் முத்திரை கருவியோடு நின்றுவிடுகிறது, அதனுள் ஓடும் செயலிகளை எட்டவில்லை. மென்பொருளை அளக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. ஜெர்மனியின் 'புளூ ஏஞ்சல்' சுற்றுச்சூழல் முத்திரை 2020இலேயே மென்பொருளுக்கும் விரிவாக்கப்பட்டு, 2022இல் ஓகுலர் என்ற ஆவண வாசிப்பு மென்பொருளுக்கு வழங்கப்பட்டது. மென்பொருளால் ஏற்படும் கரியமில வாயு வெளியேற்றத்தைக் கணக்கிடும் முறை 2024இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவே ஏற்கப்பட்டுவிட்டது.

செயலிக் கடைகள் ஒரு செயலியின் அளவையும் அது கேட்கும் அனுமதிகளையும் ஏற்கெனவே காட்டுகின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, திரை அணைந்திருக்கும்போது அந்தச் செயலி எத்தனை தடவை கைப்பேசியை எழுப்புகிறது, பின்னணியில் எவ்வளவு பேட்டரியைச் செலவழிக்கிறது என்பதையும் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. கைப்பேசிக்குக் கைப்பேசி அளவு மாறுமே என்ற தயக்கத்துக்கு இடமில்லை. வேக் லாக் போன்றவை குறித்த விவரங்களைக் கூகுள் பிளே பயனர்களின் கைப்பேசிகளிலிருந்து திரட்டி, செயலியை வெளியிட்டவருக்கு ஏற்கெனவே காட்டிவருகிறது. நிறுவும் முன்பே பயனரும் அதைப் பார்க்க முடிந்தால், மின்செலவை அளந்து காட்டுமாறு எங்கள் அலுவலகங்களில் தாமாகவே கேட்கத் தொடங்குவார்கள்.

அந்த நாள் வரும்வரை தங்கள் நாளிதழே ஒரு முன்மாதிரியாக இருக்கலாம். வாரந்தோறும் புதிய செயலிகளை அறிமுகப்படுத்தும் பகுதியில், வசதிகளோடும் விலையோடும் சேர்த்து, ஒரு நாள் முழுவதும் அந்தச் செயலியை நிறுவிவைத்துப் பார்த்து, அது பின்னணியில் எவ்வளவு பேட்டரியைச் செலவழித்தது என்ற விவரத்தையும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த எண் ஒவ்வொரு கைப்பேசியிலும் அமைப்புகளுக்குள் பேட்டரி என்ற பகுதியில் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மென்பொருள் பொறியாளர்