அப்பாவின் மொய் நோட்டு

கீரமங்கலம்,
ஆடிக் கடைசி.

மாப்ளே,

அப்பாவின் பீரோவைக் காலி செய்தபோது கட்டாக மொய் நோட்டுகள் கிடைத்தன, பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடவா என்று கேட்டு எழுதியிருந்தாய். போட்டுவிடாதே. வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறாயோ அங்கேயே இதையும் வை. கோயம்புத்தூருக்குப் போய் முப்பது வருஷம் ஆனாலும் நீ எங்கள் ஊர்க் கணக்கிலிருந்து இன்னும் விடுபடவில்லை.

நீ பதினேழு வயதில் ஊரை விட்டவன். மொய் விருந்துப் பந்தியில் கறி பரிமாறியதுதான் உனக்கு நினைவிருக்கும், கணக்குப் பிடிபட்டிருக்காது. நோட்டைப் பிரித்துப் பார். ஒன்றில் உங்கள் வீட்டுக்கு வந்தது இருக்கும். ஊர், பேர், தகப்பன் பேர், தொகை என்று வரிசையாக. இன்னொன்றில் அப்பா போய்ச் செய்தது. வந்ததில் திருப்பிச் செய்ததற்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார். கோடு விழாத பேர்களுக்கு நீ கடன்பட்டவன். செய்த நோட்டில் கோடு விழாதவர்கள் உனக்குக் கடன்பட்டவர்கள். உன் காலேஜ் முதல் வருஷப் பணமும் மேலக் கொல்லையில் போட்ட போர்வெல்லும் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டு அப்பா மொய் வாங்கிய அந்த விருந்தில் வந்த பணம்தான். பேங்க்கில் கேட்டிருந்தால் பட்டா, சிட்டா, ஜாமீன் என்று அலைய விட்டிருப்பார்கள். இங்கே அப்பாவிடம் யாரும் ஒரு கையெழுத்துக்கூட வாங்கவில்லை.

இப்போது நடக்கிற விதம் கொஞ்சம் மாறிவிட்டது. ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் சும்மா கிடக்கும். அதனால் ஆடியில் தொடங்கி ஆவணி வரை மொய் விருந்துக் காலம். பேராவூரணிப் பக்கம் தொடங்கி இங்கே பரவியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி என்று எங்கே திரும்பினாலும் ஃபிளெக்ஸ்தான். தனியாக வைத்தால் செலவு தாங்காது என்று பல வீட்டார் சேர்ந்து ஒரே மண்டபத்தில் வைக்கிறார்கள். ஆடு, அரிசி, சமையல்காரர் கூலி, பத்திரிகைச் செலவு எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். சாப்பாடு பொது, மொய் மேசை மட்டும் தனித்தனி. ஒருவர் எழுத, ஒருவர் எண்ண, ஒருவர் பணத்தைப் பாத்திரத்தில் போட என்று ஆள் உட்கார்ந்திருக்கும். பெரிய விருந்துகளில் லேப்டாப், நோட்டு எண்ணும் மெஷின், கையோடு பிரிண்ட் எடுத்த ரசீது எல்லாம் வந்துவிட்டன. கறி சாப்பிடாதவருக்குத் தனிப் பந்தி. ஒரு வீட்டார் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வைக்கலாம் என்பது ஊர்க்கட்டு. வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்கிற மாதிரி ஊர்ப் பணம் வருஷத்துக்குச் சில வீடு என்று திரும்பித் திரும்பிப் போகிறது.

உன் மருமகள் பாட்னாக்காரப் பெண், "இது விருந்தா வட்டிக்கடையா?" என்று கேட்டதாகவும் நீ பதில் சொல்லத் தெரியாமல் முழித்ததாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணிடம் நியோதா பற்றிக் கேட்டுப் பார். பீகார், உத்தரப்பிரதேசக் கிராமங்களில் கல்யாணத்துக்கு வந்தவர் கொடுத்த பணத்தை நோட்டில் எழுதி வைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வது அவர்களுக்கும் பழக்கம்தான். பஞ்சாபிலும் இதே ஏற்பாடு உண்டு. நாம் செய்திருப்பது ஒன்றே ஒன்று: கல்யாணம், காதுகுத்து என்ற சாக்கை எடுத்துவிட்டோம்.

எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கல்யாண வீட்டு மொய்யை நினைத்துப் பார். கவரை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, "அன்பளிப்பு" என்று பேர் சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்காரர் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கவர் கவராகப் பிரித்து, "போன வருஷம் நாம எவ்வளவு செஞ்சோம், இவன் எவ்வளவு வச்சிருக்கான் பாரு" என்கிறார். மதுரைப் பக்கம் மொய்யை, அவர்கள் பேச்சில் செய்முறையை, மைக்கில் படிக்கிறார்கள், அதுவாவது பரவாயில்லை. இங்கே பத்திரிகையிலேயே மொய் விருந்து என்று அச்சடித்துவிடுகிறோம். எனக்குப் பணம் தேவை, வந்து சாப்பிட்டுச் செய்துவிட்டுப் போ, உன் முறை வரும்போது நான் வருவேன். இதில் யாருக்கும் கூச்சம் இல்லை. கேட்கிறவனும் தலைநிமிர்ந்து கேட்கிறான்.

இதெல்லாம் சொன்னேன் என்பதற்காக எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. வட்டி இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார்களே, பழைய தொகையை மட்டும் வைத்தால் முகம் எப்படி மாறும் தெரியுமா? அதற்கு மேல் புது நடை என்று ஒரு தொகை சேர்க்க வேண்டும். அந்தக் கூடுதல் உன் பேரில் வரவாகி, அடுத்த முறை உனக்குத் திரும்பி வரும். நீயும் அதற்கு மேல் வைப்பாய். நிலம் இருக்கிறவனுக்கும் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவனுக்கும் இது சரி. கூலிக்குப் போகிறவன் வீட்டிலும் ஆடியில் பத்திரிகை குவியத்தான் செய்கிறது. மனைவியின் தோட்டை அடகு வைத்து மொய் செய்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அடகுக்கடைக்கு அவன் கட்டும் வட்டி எந்த மொய் நோட்டிலும் ஏறாது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்ததே, அதற்குப் பிறகு இந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. ஒரே ராத்திரியில் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. அடுத்த ஆடியில் விருந்து வைத்தவர்களுக்குப் போட்டது திரும்பவில்லை. பின்னாலேயே கொரோனா. மண்டபமே திறக்காத ஆடியும் ஒன்று வந்து போனது. முறை வந்தும் வைக்க முடியாமல் தள்ளிப்போட்டவர்கள் பாதிப் பேர். ஆனாலும் வர வேண்டிய மொய்க்காக யாரும் கோர்ட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இரண்டு வழி. இனி வேண்டாம் என்றால், கோடு விழாத வீடுகளின் விருந்துக்கு வந்து, புது நடை சேர்க்காமல் பழைய தொகையை மட்டும் வைத்துவிட்டுப் போ. கணக்கு முடிந்தது என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். சண்டை வராது, அடுத்த பத்திரிகையும் வராது. ஆனால் அப்பா செய்து வைத்திருப்பது உன் கைக்கு வர வேண்டுமானால் நீ ஒரு விருந்து வைத்துத்தான் ஆக வேண்டும். நேரில் போய்க் கேட்கிற வழக்கம் இல்லை.

போன வாரம் சந்தையில் கீழத்தெருப் பாட்டி ஒன்று என் கையைப் பிடித்துக்கொண்டது. "அந்த வாத்தியார் மகன் எப்பப்பா விருந்து வைப்பான்? எங்க வீட்டுக்காரர் பேர்ல அவங்களுக்குச் செய்ய வேண்டியது நிக்குது. நான் போறதுக்குள்ள முடிச்சுப்புடணும்" என்றது. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் மலேசியாவில். அந்த வீட்டில் நோட்டு இருக்கிறதோ இல்லையோ, தொகை பாட்டிக்குப் பைசா சுத்தமாக ஞாபகம் இருக்கிறது. நீ கணக்கை முடிப்பது உன் இஷ்டம். ஆனால் அந்தப் பாட்டிக்குச் செய்ய ஒரு இடம் வேண்டாமா?

இங்கே மற்றதெல்லாம் வழக்கம்போல. முழங்கால் வலிக்குப் புதுக்கோட்டை டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் வலிக்கிறது. புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளில் காய் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் புளியமரத்தை ரோட்டுக்காக வெட்டிவிட்டார்கள்.

வரும் ஆடியில் எனக்கும் முறை வருகிறது. ஏற்கெனவே நாலு வீட்டார் சேர்ந்திருக்கிறோம், ஐந்தாவதாக உன்னைச் சேர்ப்பதில் யாருக்கும் மறுப்பில்லை, கேட்டுவிட்டேன். மண்டபத்துக்கு முன்பணம் தை மாதம் கொடுக்க வேண்டும். அதற்குள் சம்மதமா இல்லையா என்று எழுது. நோட்டுகளைப் பக்கம் விடாமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பாவின் கிறுக்கல் எழுத்தைப் படிக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. மொய் எழுதுகிற இடத்தில் லேப்டாப் தட்டத் தெரிந்த ஆள் ஒன்று குறைகிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்