தனுஷ்கோடிக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு, ஒரு பாம்பன்காரனின் திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

தனுஷ்கோடியை என்ன செய்யலாம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பதாகப் பாம்பன் டீக்கடைகளில் பேச்சு. ஒருநாள் கண்ணாடிப் பாலம் வருகிறது என்கிறார்கள், மறுநாள் ராட்டினம் வருகிறது என்கிறார்கள். டீக்கடைப் பேச்சை நம்பி நான் சண்டைக்கு வரவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் நான். போன மாசியில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்கிற பனிச்சறுக்கு ஊரைப் பார்த்தேன். திரும்பி வந்த பிறகும் அந்த ஊர் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அது 7,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததுமே மூச்சு வாங்கியது. சுற்றிலும் வெள்ளை. பனியை முதன்முதலாகப் பார்க்கிறவனுக்குக் கவிதை வந்திருக்க வேண்டும். எனக்கு வாலிநோக்கம் உப்பளம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வெயில் பட்டுக் கண் கூசியதுகூட அதே மாதிரிதான். "எங்க போனாலும் உப்பும் மீனும்தானாப்பா?" என்று மகள் சிரித்தாள்.

மெயின் ஸ்ட்ரீட் என்று ஒரே ஒரு கடைத்தெரு, செங்குத்தாக ஏறுகிறது. இரண்டு பக்கமும் பழைய கட்டடங்கள். நம் ஆட்கள் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு கரைக்குப் போவார்களே, அதே மாதிரி சறுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்களும் பெண்களும் நடக்கிறார்கள். அந்தத் தெருவோரத்திலிருந்தே கம்பியில் தொங்கும் நாற்காலிகள் மலைக்குப் புறப்படுகின்றன. காபி குடித்த கையோடு ஏறி உட்கார்ந்து போய்விடுகிறார்கள். 2002 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பனித்தாவல் மேடையும் பக்கத்தில்தான் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்ததிலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது சறுக்கு அல்ல, அந்த ஊர் ஒருமுறை செத்துப் பிழைத்த கதை. அது வெள்ளிச் சுரங்க ஊர். 1898-ல் தீப்பிடித்துச் சுமார் 200 கட்டடங்கள் சாம்பலாயின. 1902-ல் ஒரு சுரங்கத்தில் வெடிமருந்து வெடித்து 34 பேர் மாண்டார்கள். அதையெல்லாம் தாண்டி வந்த ஊரை வெள்ளி விலையின் சரிவு சாய்த்தது. 1950-களில் ஆளில்லாத ஊர் என்றே அதை எழுதிவிட்டார்கள்.

சுரங்கக் கம்பெனியே 1963 டிசம்பரில் அங்கே பனிச்சறுக்குத் தளம் திறந்தது. அப்போது செய்த ஒரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுரங்கத்துக்குள் ரயில் ஏற்கெனவே ஓடியது. அதிலேயே சறுக்க வந்தவர்களை ஏற்றி, மலையின் வயிற்றுக்குள் ஏறக்குறைய 3 மைல் இருட்டில் கூட்டிப்போய், அங்கிருந்து சுரங்கத் தொழிலாளிகளின் லிஃப்டிலேயே 1,700 அடிக்கு மேல் தூக்கி, மலைமேல் வெளிச்சத்தில் விட்டார்கள். ஈரமும் குளிரும் தாங்காமல் சில வருடங்களில் அது நின்றுபோனது. ஆனால் அந்த ரயில் பெட்டி காயலான் கடைக்குப் போகவில்லை. அதே தெருவில், பழைய நகர மன்றக் கட்டடத்திலிருக்கும் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். தகரப் பெட்டிதான். முழங்காலும் முழங்காலும் இடிக்கும். அதே கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய ஜெயில் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. மலைச் சரிவில் பழைய சுரங்கக் கட்டடங்கள் அப்படியே நிற்க, அவற்றுக்குப் பக்கத்திலேயே ஜனம் சறுக்குகிறது. மருமகன் சறுக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்துவந்து காட்டினார்.

அந்த ஊர் உயிர்பெற்ற மறுவருடம், 1964 டிசம்பரில், நம் தனுஷ்கோடி புயலில் போனது. 22-ஆம் தேதி ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர், நூறு பேருக்கு மேல் இருந்த வண்டி, தனுஷ்கோடி வந்து சேரவில்லை. எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் வழியாகக் கொழும்பு போன ஊர் அது. என் அப்பத்தா அந்த ஸ்டேஷன் வாசலில் கருவாடு விற்றவள். புயலுக்கு நாலு நாள் முன்னால் காய்ச்சல் என்று பாம்பனுக்கு வந்ததால் பிழைத்தாள். சாகும்வரை டிசம்பரில் அவள் கடற்கரைப் பக்கம் போனதில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். பவளக்கல் வைத்துக் கட்டிய மாதாகோயில் சுவரில் ஏறி நின்று ஒரு பையன் செல்ஃபி எடுத்தான். இறங்கும்போது அவன் காலடியில் ஒரு கல் பொடியாக உதிர்ந்தது. அவன் கவனிக்கவில்லை, தப்பும் அவனுடையதில்லை. தான் எதன்மேல் நிற்கிறோம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கொஞ்சம் தள்ளி, கம்பிப்பாடு என்கிற மீனவக் குடியிருப்பைச் சேர்ந்த ஆத்தா ஒருத்தி மணலைக் கையால் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினாள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். கார்கள் அவளைத் தாண்டி, நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் பறந்தன.

2017-ல் சாலை வருவதற்கு முன், மணலில் வேன் ஓட்டிய பையன்கள் வாய் ஓயாமல் கதை சொல்வார்கள். பாதி புளுகுதான், ஆனாலும் இறங்கி நின்று கேட்டோம். சாலை நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதோடு கதை சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

அதனால் கேட்கிறேன். இடிபாடுகளுக்குப் பக்கத்தில் புதிதாக எதையும் நட்டுவைக்காதீர்கள். உதிர்கிற சுவரை முதலில் தாங்கிப் பிடியுங்கள். எது ஸ்டேஷன், எது தபாலாபீஸ், எது பள்ளிக்கூடம், வருகிறவன் நின்று வாசிக்கிற மாதிரி எழுதி வையுங்கள். கூட்டிப்போய்க் காட்டுகிற வேலையைக் கம்பிப்பாட்டுப் பிள்ளைகளுக்கே கொடுங்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவது அந்த ஊர்க்காரர்கள்தானே? பார்க் சிட்டியில் பஸ்ஸுக்குக் காசே வாங்குவதில்லை. நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும், ராமேஸ்வரத்திலிருந்து அடிக்கடி பஸ் விட்டால் முனையில் கார் நெரிசல் பாதி குறையும்.

எல்லாவற்றையும் அங்கிருந்து கொண்டுவரச் சொல்லவில்லை. அந்த ஊரில் வீட்டு விலை வானத்தில் நிற்கிறது. ஓட்டலில் தட்டு கழுவுகிறவரும் சறுக்கக் கற்றுக்கொடுக்கிறவரும் பெரும்பாலும் வெளியூரில் தங்கி வேலைக்கு வந்து போகிறார்கள். கம்பிப்பாட்டில் கரைவலை இழுக்கிறவன் நாளைக்குப் பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே இளநீர் விற்கும் நிலை வந்தால், அந்தத் திட்டமே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரமாக ஒன்று. அந்த ராத்திரியில் பத்து வயதாக இருந்தவர்களுக்கே இன்று எழுபது தாண்டிவிட்டது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கட்டடத்துக்கு டெண்டர் விடும் முன்பு, ஒரு ரெக்கார்டரோடு இரண்டு பேரை அனுப்புங்கள். எந்தெந்த வீடு என்று நான் கூட வந்து காட்டுகிறேன். நீங்களே வருவதானால் விடிகாலையில் வாருங்கள், கரைவலை ஏறுகிற நேரம். பத்து மணிக்கு மேல் மணல் சுடும்.

இப்படிக்கு,
பாம்பன்காரன் ஒருவன்