காளியை உனக்குப் பிடிக்கவில்லையாமே

அன்புள்ள கண்ணா,

'முள்ளும் மலரும்' பார்த்துவிட்டு, "இந்தக் காளியை ஏம்மா இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ சொல்வதில் தப்பில்லை. காளி முரடன், வீம்புக்காரன். எஞ்சினியர் குமரன் மேல் இருக்கிற கோபத்தில், தங்கை வள்ளி மனசுக்குப் பிடித்த அந்தக் குமரனைக் கட்டிக்கொள்வதைத் தடுக்கிறவன். 1978-ல் படம் வந்தபோது பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தன்னையே கெட்ட பயல் என்று அவனே சொல்லிக்கொள்ளும்போது தியேட்டரில் விசில் பறக்கும், அவ்வளவுதான்.

நீ அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் திரும்பப் பார். காளியின் மனைவி மங்கா ஊராரைச் சேர்த்துக்கொண்டு வள்ளியைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகிறாள். வழியில் காளி நிற்கிறான். எல்லாரும் அவனோடு வாதாடுகிறார்கள். கடைசியில் வள்ளி, கல்யாணமே வேண்டாம் என்று எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அப்போது ரஜினியின் முகத்தைக் கவனி. ஜெயித்துவிட்ட சின்னப் பையனின் முகம் அது. அவனுக்கு வேண்டியிருந்தது கல்யாணம் நிற்பது இல்லை, தங்கை தன் பக்கம் என்று ஊருக்குத் தெரிவது. அது கிடைத்த மறுநிமிடமே அவளைத் தானே கூட்டிப்போய்க் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதும், உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான்.

சின்ன வயதில் இந்த இடத்தில் அண்ணன் பாசம் என்று அழுதேன். இப்போது பார்த்தாலும் அழுகை வருகிறது, ஆனால் அது வள்ளிக்காக வருகிறது. தனக்கு வேண்டியதை முழுசாக விட்டுக்கொடுத்த பிறகுதானே அது அவள் கைக்கு வருகிறது? அதையும் அண்ணன் பெரிய மனசு பண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் மங்கா. புருஷனுக்கு எதிராக நின்று அந்தக் கல்யாணத்தை நடத்தத் துணிந்தவள் அவள்தான். ஃபடாபட் ஜெயலட்சுமியின் அந்தத் தைரியத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இதெல்லாம் நாமாகக் கற்பித்துக்கொள்வது இல்லை, படத்திலேயே இருக்கிறது. மகேந்திரன் அதற்கு முன்னால் 'தங்கப்பதக்கம்' மாதிரி வசனத்தால் பேர் வாங்கிய படங்களுக்கு எழுதியவர். சொந்தமாக இயக்க வந்ததும் பேச்சைக் குறைத்துவிட்டு முகங்களைக் காட்டினார். பாலுமகேந்திராவின் கேமரா காளியோடு நிற்காமல் வள்ளியாக நடித்த ஷோபாவின் முகத்துக்கும் போய்ப்போய் வருகிறது. காளி செய்வது நியாயம் என்று படம் எங்கேயும் சாதிக்கவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று படத்துக்குத் தெரியும்.

பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி இது ஒன்றுதான். கதாநாயகனின் குறை படத்துக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் அவன் எவ்வளவு மோசமானவனாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. தெரியாமல் மேளம் கொட்டினால்தான் எரிச்சல் வருகிறது. 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' ஓடு ஓடென்று ஓடிய படம். பாட்டெல்லாம் இன்றைக்கும் காதில் நிற்கிறது. ஆனால் படித்த மனைவியின் திமிரை அடக்கி அவளை வழிக்குக் கொண்டுவருவதுதான் அதில் கதை. படம் முழுக்க அவன் பக்கம்தான். சிவாஜியும் ஜெயலலிதாவும் எவ்வளவு பிரமாதமாக நடித்தும் இப்போது எனக்கு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

உடனே உன் அப்பா, "அந்தக் காலம் அப்படி" என்பார். இந்தச் சமாதானம் மட்டும் என்னிடம் செல்லாது. அதற்குப் பதினெட்டு வருஷம் முன்னால், 1954-லேயே, 'அந்த நாள்' வந்துவிட்டது. எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. அதே சிவாஜிதான், ஆனால் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவன் வேஷம். பண்டரிபாய் அவன் மனைவி. படித்தவள், சொந்தமாக யோசிக்கிறவள். அந்தப் படம் அவளை எப்படி மரியாதையாக நடத்துகிறது என்று பார். முடிவைச் சொல்லமாட்டேன், நீயே பார்த்துக்கொள். காலத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது என்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

இன்னொன்று. பழைய படங்களைத் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதே. பாட்டு விஷயத்தில் இது ரொம்பவே நடக்கிறது. 'தெய்வம் தந்த வீடு' பாட்டைத் தனியாகக் கேட்டால் என்ன தத்துவம், என்ன குரல் என்று கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். கண்ணதாசன், எம்.எஸ்.வி., ஜேசுதாஸ் மூன்று பேரும் சேர்ந்தது, கேட்க வேண்டுமா! ஆனால் 'அவள் ஒரு தொடர்கதை'யில் அது யார் பாடுவது? வேலை வெட்டி இல்லாமல், குடித்துவிட்டு, தங்கை சம்பளத்தில் சாப்பிடுகிற அண்ணன். எதிரில் நிற்பவள் அந்த வீட்டுக்கே சோறு போடுகிற கவிதா. வீடென்ன, வாசலென்ன என்று அவன் ஞானம் பேசலாம். வாடகையும் அரிசியும் அவள் கணக்கு ஆயிற்றே! இத்தனை இனிமையான பாட்டை இயக்குநர் கே. பாலசந்தர் அவன் வாயில் கொடுத்ததில் எவ்வளவு குறும்பு இருக்கிறது, பார்த்தாயா? ரேடியோவில் கேட்டால் தத்துவம், படத்தில் பார்த்தால் சாக்கு.

1974-ல் அந்தப் படத்தைத் தியாகக் கதை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கவிதாவாக வரும் சுஜாதாவின் நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம் என்று சிலருக்குக் குறை. எனக்கு இப்போது அவள் பேசுகிற ஒவ்வொரு குத்தல் பேச்சும் நியாயமாகப் படுகிறது. அப்பா ஓடிப்போய்விட்டார், காதலித்தவன் விதவைத் தங்கை பக்கம் சாய்ந்துவிட்டான், கடைசியில் கூடி வந்த கல்யாணமும் அவளுக்கு இல்லை. மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். இதற்குத் தியாகம் என்று பேர் வைத்துவிட்டால் அந்த வீட்டில் இருக்கிற மற்றவர்களை யாரும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை பார்.

'அன்பே சிவம்' 2003-ல் வந்தபோது ஓடவில்லை, இப்போது எல்லாரும் மெச்சுகிறார்கள் என்று நீ அடிக்கடி சொல்வாய். நல்ல படம்தான். ஆனால் ஓடாத படமெல்லாம் காலத்தை முந்தியது என்ற பேச்சை மட்டும் நான் நம்புவதில்லை. சுமாரான படங்களும் நிறையவே ஓடாமல் போயிருக்கின்றன.

அடுத்து 'உதிரிப்பூக்கள்' பார். 1979. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பி மகேந்திரன் வேறெங்கோ கொண்டுபோன கதை. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு, குரலை உயர்த்தாமலே கொடுமை செய்கிறவன். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. முன்பெல்லாம் அவனுக்கு இது வேண்டும் என்றுதான் பார்ப்பேன். இப்போது என் கண் போவது அவனைச் சுற்றி நிற்கிற கூட்டத்தின் மேல். அவன் பெண்டாட்டி அணு அணுவாகத் தேய்ந்துபோனபோதும் இதே ஊர்தானே பக்கத்தில் இருந்தது? ஆற்றில் இறங்கும் முன் அவன் அவர்களைப் பார்த்து, உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன் என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்கிறான். கெட்டவன் வாயில் வருகிற அந்த உண்மையை உன்னால் மறுக்க முடிகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

படம் ஓடும்போது போனை நோண்டாதே. டிவியில் படத்தை இழுத்து அகலமாக்கியும் பார்க்காதே, எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். பார்த்து முடித்ததும் கூப்பிடு. அப்பா தூங்கிய பிறகு கூப்பிட்டால் நல்லது. அவர் பக்கத்தில் இருந்தால் 'பட்டிக்காடா பட்டணமா'வுக்கு வக்காலத்து வாங்க வந்துவிடுவார், நாம் பேசின மாதிரிதான்.

அன்புடன்,
அம்மா