வலைக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன மாதம் என் கடைசி டென்னிஸ் மேட்சை ஆடி முடித்தேன். டபுள்ஸ் முதல் சுற்று, மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வைக்கிற 10 பாயின்ட் டைபிரேக்கில் தோற்றோம். இதோடு போதும் என்று முன்பே முடிவெடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன், அதனால் கோர்ட்டில் அழவில்லை. அறைக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் தொண்டை அடைத்தது. முழங்கால் பட்டை, பாதி தீர்ந்த கிரிப் சுருள், அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி டப்பா, ஒரு ஜப்பானியப் பெண் கொடுத்த சின்னத் துணிப் பை. உள்ளே கிடந்தது எல்லாமே யாரோ ஒருவர் எனக்காகச் செய்ததாக இருந்தது. அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன், இன்றுதான் முடிகிறது.

2012இல் சர்வதேசப் போட்டிகளில் ஆட ஆரம்பித்து 13 வருடம். அதில் முதல் மூன்று வருடம் சிங்கிள்ஸ், டபுள்ஸ் இரண்டும், அப்புறம் முழுக்க முழுக்க டபுள்ஸ். டபுள்ஸ் ஆடுகிறவளின் வேலை எப்படி இருக்கும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தனியாக என் பெயரை எந்தப் பட்டியலிலும் போட முடியாது, அதுதான் முதல் விஷயம். இரண்டு பேருடைய தரவரிசை எண்ணையும் கூட்டித்தான் இடம் தருவார்கள், கூட்டுத்தொகை குறைவாக இருக்கிற ஜோடி உள்ளே, மற்றவர்கள் வெளியே. காலையில் ஜோடிக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் நானும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான், எனக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும். பதிமூன்று வருடமும் என் பிழைப்பு இன்னொருவர் கையில் இருந்தது. அவர்கள் யாரும் என்னைக் கைவிடவில்லை.

முதல் நன்றி மார்க்கர் அண்ணாவுக்கு. கோயம்புத்தூரில் நான் ஆடக் கற்ற கிளப்பில் அவர் பத்து வயதில் பந்து பொறுக்க வந்தவர். உறுப்பினர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, அப்புறம் அவர்களுக்கே எதிரில் நின்று ஆடுகிற மார்க்கர் ஆனார். கோச் என்று அவரை யாரும் சொன்னதில்லை, சட்டையில் எந்தப் பேரும் எழுதியிருக்காது. ஆனால் ஆறரை மணிக்கு அவருடைய டியூட்டி தொடங்குவதற்கு முன்னால், ஐந்தரைக்கே வந்து, ரோமம் உதிர்ந்த பழைய பந்துகள் நிறைந்த கூடையோடு நின்று, தினமும் எனக்கு 200 வாலி (பந்து தரையில் விழுவதற்கு முன்பே அடிக்கிற அடி) போட்டுக் கொடுத்தவர் அவர்தான். நெட்டில் நான் பந்தை ஓங்கி அடித்து வெளியே அனுப்பிக்கொண்டே இருந்த ஒரு காலை, ராக்கெட்டைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்கையால் பிடி என்றார். பிடித்தேன். கை தானாகக் கொஞ்சம் பின்னால் போனது. “பாத்தியா பாப்பா, கைக்குத் தெரியுது. பந்தை அடிக்காதே, வாங்கு” என்றார். பெரிய அகாடமிகளுக்கும் போயிருக்கிறேன், படம் போட்டு விளக்கிய கோச்சுகளிடம் கற்றிருக்கிறேன், இந்த ஒரு வார்த்தைக்கு மேல் வாலிக்கு எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. காசு கொடுக்கப் போன அப்பாவிடம், கணக்கு எழுதி வச்சிருக்கேங்க, மொத்தமா வாங்கிக்கிறேன் என்பார். அந்த நோட்டை இன்றுவரை அவர் காட்டவே இல்லை. அண்ணா, உங்களுக்கு நான் பட்ட கடனை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

அதே கிளப்பில்தான் நிருபமா வைத்தியநாதன் என்ற பெயரையும் கேட்டேன். எங்கள் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் மெயின் டிராவில், அதாவது தகுதிச்சுற்றுக்கு அடுத்த முக்கியப் போட்டியில், முதல் சுற்றை வென்றவர். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்க்க ஆரம்பித்த ஓப்பன் காலத்தில் (1968 முதல்), ஒரு கிராண்ட்ஸ்லாமில், அதாவது நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றில், அப்படி வென்ற முதல் இந்தியப் பெண். அப்போது எனக்கு மூன்று வயது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் நன்றி சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வெயில்ல வேலை” என்று யாராவது கேட்டால் அப்பா ஒவ்வொரு முறையும் அவர் பெயரைத்தான் சொல்வார்.

அப்பாவுக்கு கோயம்புத்தூர் கணபதி பகுதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பார். இரண்டு லேத்தில் ஒன்றை விற்றுத்தான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். விற்றது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும், பட்டறைக்குப் போனபோது தரையில் போல்ட் போட்ட நான்கு ஓட்டை மட்டும் இருந்தது. அம்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க ராக்கெட் பையைத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்தவர், அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது.

2015 ஜூலை. அந்த வாரம் ஒரு சிங்கிள்ஸ் தகுதிச்சுற்றில் ஒரு கேம்கூட எடுக்க முடியாமல் தோற்று வீட்டுக்கு வந்திருந்தேன். வயது 20. விட்டுவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. அன்று ராத்திரி விம்பிள்டன் பெண்கள் டபுள்ஸ் இறுதி ஆட்டம், சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும், எதிரில் மக்கரோவா, வெஸ்னினா. நானும் அப்பாவும் மட்டும் விழித்திருந்தோம். மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி நிற்கிறார்கள். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு. திரும்பி வரும்போது ஆட்டம் மாறிக்கொண்டிருந்தது. 5-5இல் வெளிச்சம் போதாமல் கூரையை மூடினார்கள். அந்த இடைவேளையில் அப்பா என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: “கண்ணு, உனக்கும் நெட்ல தானே நல்லா வருது?” திரும்ப வந்து இரண்டே கேமில் 7-5 என்று முடித்தார்கள். காயங்களால் சிங்கிள்ஸை விட்டுவிட்டு வந்தவர் சானியா. அந்த ஏப்ரலில்தான் டபுள்ஸில் உலகின் முதலிடத்துக்கு வந்திருந்தார், அங்கே வந்த முதல் இந்தியப் பெண். அதே ஜோடி அப்புறம் தொடர்ந்து 41 மேட்ச் தோற்காமல் ஆடியது. எனக்கு 41ஐவிட அந்த 2-5தான் முக்கியம். அன்றைக்கு விடியும்போது நான் டபுள்ஸ் ஆட்டக்காரி ஆகியிருந்தேன். சானியா அக்கா, நன்றி. உங்களுக்கு என்னைத் தெரியாது, இருந்தாலும் நன்றி.

அதற்குப் பிறகு துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அந்தல்யா, எகிப்தின் ஷர்ம் எல் ஷேக். கடற்கரையில் ஒரு ஓட்டல், பக்கத்திலேயே கோர்ட்டுகள், வாரா வாரம் ஒரு போட்டி. நான் தொடங்கியபோது கீழ்த்தட்டுப் போட்டியின் மொத்தப் பரிசு 10,000 டாலர், 2017 முதல் 15,000. அதில் பெரும்பகுதி சிங்கிள்ஸுக்குப் போய்விடும். டபுள்ஸில் கோப்பையே வாங்கினாலும் இரண்டாகப் பிரித்து, வரி கட்டி, ஓட்டலுக்குக் கொடுத்த பிறகு கையில் எதுவும் நிற்காது. அந்த வாரங்களில் அறையையும் சோற்றையும் என்னோடு பகிர்ந்துகொண்ட எல்லா ஜோடிகளுக்கும் நன்றி. ஒருத்தியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

அவள் ஜப்பான்காரி. அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு ஜப்பானிய மொழி சுத்தமாக இல்லை. டபுள்ஸில் நெட்டில் நிற்கிறவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, சர்வ் போடப்போகிறவளுக்குச் சைகை காட்டுவாள். மூடிய கை என்றால் நான் இங்கேயே நிற்பேன், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன், பின்னால் நீ பார்த்துக்கொள். இதெல்லாம் உலகம் முழுக்க ஒன்றுதான். என்னிடம் கூடுதலாக ஒன்று உண்டு. ஜோடி டபுள் ஃபால்ட் போட்டால், அதாவது இரண்டு சர்வும் தப்பாகிப் பாயின்ட் போனால், முதலில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் மற்ற சைகை. பழம். சின்ன வயதில் சண்டை தீர்ந்தால் பழம் விடுவோமே, அதேதான். அவள் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது சர்வ் போடு என்று சொல்கிறேனாக்கும் என்று குழம்பிப்போனாள். மேட்ச் முடிந்து, சைகையும் கூகிள் மொழிபெயர்ப்புமாக விளக்கினேன். பழம் என்றால் மாம்பழம் வாழைப்பழமெல்லாம் காட்டியது போன். கடைசியில் புரிந்துகொண்டாள். அடுத்த நாள் அரையிறுதியில் நான் இரண்டு டபுள் ஃபால்ட் அடுத்தடுத்துப் போட்டேன், 40-40. எங்கள் போட்டிகளில் அங்கே அட்வான்டேஜ், அதாவது தொடர்ந்து இரண்டு பாயின்ட் எடுக்க வேண்டும் என்பது, கிடையாது, அந்த ஒரு பாயின்ட்டில் கேம் முடிந்துவிடும். கை நடுங்குகிறது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முதுகுக்குப் பின்னால், டேப் சுற்றிய இரண்டு விரல். என்னால் இன்னும் அதை மறக்க முடியவில்லை.

2021 முடிவில் வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை என்று தெரிந்ததும் எனக்கு உடையும் ஷூவும் தந்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதைவிட, செலவுக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. அப்பா ஒரு ஏலச்சீட்டில் இருந்தார், பட்டறை நடத்துகிற நண்பர்கள் சேர்ந்து போட்டது. அந்த மாதம் எல்லாருக்கும் பணத் தேவை இருந்தது, கொரோனாவுக்குப் பிறகு யாருக்குத்தான் இல்லை? ஆனாலும் ஏலத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையாம். அப்பா ஒருவர்தான் கேட்டார், தள்ளு பெரிதாகப் போகாமல் சீட்டு அவருக்கே விழுந்தது. மாமாக்களே, நீங்கள் யாரும் டென்னிஸ் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும். என் முழங்காலில் இருப்பது உங்கள் பணம்.

ஃபிசியோ அக்காவுக்கும் கடன் உண்டு. 2022 செப்டம்பரில் சென்னை ஓப்பன் நுங்கம்பாக்கத்தில் நடந்தது, டபிள்யூடிஏ என்கிற பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் போட்டி. நான் ஆட வேண்டிய வயதில் கேலரியில் உட்காரப் போவதில்லை என்று அடம் பிடித்தேன். அவர்தான் டிக்கெட் வாங்கி, வா என்று இழுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று அங்கே போனதும் புரிந்தது. பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி முந்தைய வருடம் அமெரிக்க ஓப்பன் டபுள்ஸ் அரையிறுதியில் கனடாவின் கப்ரியேலா டப்ரோவ்ஸ்கியோடு ஆடும்போது முழங்கால் போய் வெளியேறியவர். ஒரு வருடம் கழித்து அவர் திரும்பி வந்த முதல் போட்டி எங்கள் நுங்கம்பாக்கம், ஜோடி அதே டப்ரோவ்ஸ்கி. கோப்பையையும் வாங்கினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, ஸ்டெஃபானி பக்கவாட்டில் ஓடி நிற்கும்போது அந்தக் கால் எப்படி ஊன்றுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமில்லாமல் ஊன்றியது. மறுநாள் காலை பயிற்சிக்கு அக்காவுக்கு முன்னால் நான் போய் நின்றேன்.

சென்னையில் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டுத் தரும் அண்ணன், கடையை மூடிய பிறகும் 52 பவுண்டு இழுவிசையில் இரண்டு ராக்கெட்டுக்குப் போட்டு சென்ட்ரலுக்கே கொண்டு வந்து கொடுத்தீர்கள், நன்றி. விசா வேலைக்கு அலைந்த சித்தப்பா, நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், நேரில் வந்து திட்டுங்கள்.

இன்னும் ஒருத்தி பாக்கி. 12 வயதில் ஈரோட்டுப் போட்டியில் என்னோடு முதல் முதலாக டபுள்ஸ் ஆடியவள். நான் பந்தைத் தப்பாக அடித்த ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டியவள் அவள்தான், அது அவள் கண்டுபிடித்த சைகை. பத்தாவது வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அது அவள் முடிவில்லை என்பது எனக்கு அந்த வயதில் புரியவில்லை, விட்டுவிட்டுப் போகிறாள் என்று கோபப்பட்டு, விடைபெற வந்தவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் சைகையை நான் பதினோரு நாட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தெரியுமா? கடைசி மேட்சிலும் காட்டினேன். இதை நீ படித்தால் கூப்பிடு. வீட்டு நம்பர் அதேதான், அம்மாதான் எடுப்பார்.

பழம்.