கடை மூடியது, கடன் மூடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் நாலு நம்பர் கடைகளுக்கு (நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டும் சூதாட்டக் கடைகள்) 2023-இல் மாநில அரசு வணிக உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. மத்திய நிதியமைச்சு கொடுக்கும் சூதாட்ட உரிமத்தை மாநிலம் தொட முடியாது; அதனால் ஊராட்சி மன்றங்கள் கொடுக்கும் இந்த வணிக உரிமத்தை நிறுத்தினார்கள். கிளந்தான், திரங்கானு மாநிலங்களிலும் இக்கடைகள் இல்லை. இஸ்லாத்தில் சூது விலக்கப்பட்டது. அந்த விலக்கை நான் மதிக்கிறேன். ஆனால் கெந்திங் மலையில் 1969-இல் உரிமம் பெற்ற கேசினோ முஸ்லிம் அல்லாதோருக்காக இன்றும் நடக்கிறதே!

"இது முஸ்லிம் அல்லாதோரின் உரிமை" என்று நம்மவர்கள் பேசும்போது எனக்கு மனம் கூசுகிறது. தமிழ்ப்பள்ளிக்கும் கோயில் நிலத்துக்கும் பேச வேண்டிய வாய், நம்பர் கடைக்கா பேசுவது?

அதற்காக, கடை மூடியதால் வீடு பிழைத்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஓர் அக்காள். சாலையில் கார் மோதிக் கிடந்தால் அந்த எண்ணில் பணம் கட்ட முதலில் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார். முன்பு புதன், சனி, ஞாயிறு கடைக்குப் போய்க் கையில் இருக்கும் இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) நம்பர் எடுப்பார். இப்போது உரிமம் இல்லாமல் பந்தயம் எழுதும் கள்ள நம்பர்காரனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறார். அவன் கடனுக்கு எழுதிக்கொள்கிறான். மாதக் கடைசியில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். போன மாதம் அக்காளின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

கடையை மூடிய மாநில அரசு, இந்தக் கள்ள நம்பர் ஆட்களைப் பிடிக்கக் காவல்துறையை ஏன் விடாமல் நெருக்கவில்லை? நம் கோயில் நிர்வாகங்களும் இதைப்பற்றி வாய் திறக்க வேண்டும்.

வாசகி,
சுங்கை பட்டாணி, கெடா