காணாமல் போன மூன்று டிகிரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. அவசரப்படாதே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறு.

இங்கே எல்லோரும் நலம். மூன்று வாரமாக வீட்டு மேசை முழுக்கப் பெரியவளின் அறிவியல் கண்காட்சிச் சாமான்கள்தான். மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்குவது அவள் எடுத்த தலைப்பு. உன் பையனும் அடுத்த வருஷம் ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலைப்பைக் கேட்டதும் எனக்கு விடுதி அறைதான் ஞாபகம் வந்தது. இரண்டு பிளேடுகளை வைத்து வெந்நீர் போட்டோமே! மின்சாரம் அந்தத் தண்ணீர் வழியாகவே பாய்ந்துகொண்டிருந்தது. நம்மில் ஒருவன் சூடு பார்க்க விரலை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது. அதனால் அவளுக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டு மின்சாரம் தண்ணீர்ப் பக்கமே வரக் கூடாது என்பது. பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் 12 வோல்ட் பெட்டியை ஆசிரியை தந்தார். உன் பையனுக்கும் இதை முதலில் சொல். தண்ணீரில் உப்புப் போட வேண்டாம் என்றும் சொல். உப்பு சேர்ந்தால் கம்பியில் போக வேண்டிய மின்சாரம் தண்ணீரிலும் பாய்ந்து குமிழ் விடும், கணக்கு கெட்டுப்போகும்.

ஏற்பாடு எளிமையானது. 6 ஓம் நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பிச் சுருள், கண்ணாடிக் குவளையில் 200 கிராம் தண்ணீர், ஒரு வெப்பமானி. 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடுகிறது, அதாவது 24 வாட். பத்து நிமிடத்தில் 14,400 ஜூல் வெப்பம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் 17 டிகிரி ஏற வேண்டும்.

முதல் நாள் எண்கள் தாறுமாறாக வந்தன. சுருளை மேற்பரப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். சூடான தண்ணீர் இலேசானது, மேலேயே நின்றுவிடுகிறது. தண்ணீர் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் அடியில் சில்லென்றே இருந்தது. சுருளை அடிக்கு இறக்கி, கண்ணாடிக் குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்ததும் அது சரியாகிவிட்டது. ஆனால் ஏறியது 14 டிகிரிதான். மறுபடியும் செய்தாள், மறுபடியும் 14.

அன்று ராத்திரி, "அப்பா, 17 என்றே எழுதிவிடட்டுமா? கணக்குப்படி அதுதானே சரி?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வெப்பமானி காட்டியதுதான் நடந்தது, அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்றேன். பிறகு இருவரும் உட்கார்ந்து, அந்த மூன்று டிகிரி எங்கே போனது என்று தேட ஆரம்பித்தோம். நண்பா, இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொழுது அதுதான்.

குவளையும் சேர்ந்துதான் சூடாகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். எடை போட்டோம், 100 கிராம். அது ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 84 ஜூல். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 17 இறங்கி 15.7 ஆகிறது. மிச்சம் காற்றோடும் ஆவியோடும் போயிருக்க வேண்டும். மூடி போட்டு, கம்பளித் துணி சுற்றினோம், 15 வந்தது. அப்புறம் ஒரு பழைய உத்தியைச் சொல்லிக்கொடுத்தேன். அறைச் சூட்டைவிட எட்டு டிகிரி குளிர்ந்த தண்ணீரில் தொடங்கினால், முதல் பாதியில் அறையிலிருந்து வாங்கும் வெப்பமும் பின்பாதியில் அறைக்குக் கொடுக்கும் வெப்பமும் ஏறக்குறைய சமமாகிவிடும். அப்படிச் செய்தபோது 15.5! வெப்பமானியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டையே ஒரு சுற்று ஓடி வந்தாள்.

அடுத்து வோல்ட்டைப் பாதியாக்கினாள். சூடும் பாதியாகும் என்று நினைத்தாள், ஆனால் கால் பங்குதான் வந்தது. வோல்ட் பாதியானால் ஆம்பியரும் பாதியாகிறது, இரண்டையும் பெருக்கினால் கால் பங்குதானே. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்ற அந்த விதியை ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 22. அவரும் கம்பிச் சுருளைத் தண்ணீரில் முக்கி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இதைச் சொன்னதிலிருந்து மகளுக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம்.

வரும் வெள்ளிக்கிழமை கண்காட்சி. அட்டையில் 17, 15.7, 14 மூன்றையும் பெரிதாக எழுதி, 14-ஐச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாள். நடுவர்கள் அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை.

உன் பையன் செய்வதானால் அவளுடைய குறிப்பேட்டைப் பிரதி எடுத்து அனுப்புகிறேன். குவளையை எடை போட மட்டும் மறக்க வேண்டாம் என்று அவள் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்